மயில்துத்தத்துக்கு முன்னால் மெத்தியோனின்

செங்குன்றத்தில் திரும்பின பக்கமெல்லாம் அரிசி ஆலை. நொய் மலிவாகக் கிடைக்கிறதே என்று கறிக்கோழித் தீவனத்தில் சோயாவைக் குறைத்து நொய்யைக் கூட்டுகிறார்கள். எடை ஏறாவிட்டால் செம்பு உப்பான மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கிக் கலக்கிறார்கள். தீவனம் அரைத்துக் கொடுக்கிறவன் நான். மெத்தியோனின், லைசின் மாதிரி புரதத்தை உண்டாக்கும் அமினோ அமிலங்களின் கணக்கை முடித்துவிட்டுச் செம்புக்கு வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

மூன்று வாரம் வரை குஞ்சுத் தீவனத்தில் மெத்தியோனின் 0.5 சதவீதம், லைசின் 1.1 சதவீதம் வேண்டும். அதாவது 100 கிலோவில் மெத்தியோனின் 500 கிராம். மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் சரியாகச் சேர்ந்தாலே சுமார் 350 கிராம்தான் தேறும். மீதி 150 கிராமை டிஎல்-மெத்தியோனின் பொடியாகப் போடுங்கள். சோயாவைக் குறைத்துவிட்டால் இந்தப் பள்ளம் இன்னும் பெரிதாகும், லைசினும் கூடவே போகும். காசிமேட்டுக் கருவாட்டுத் தூள் இரண்டையும் தரும். ஆனால் உப்புக் கருவாடு என்றால் கோழி தண்ணீராகக் குடித்துத் தள்ளும். எச்சம் இளகி, தரையில் பரப்பின உமி நனைந்து, அம்மோனியா கண்ணைக் கரிக்கும். இறகு சரியாக முளைக்காமல் ஒன்றையொன்று கொத்தினால் மெத்தியோனினைச் சந்தேகப்படுங்கள்.

சரி, செம்பு. தேவை ஒரு கிலோ தீவனத்துக்கு 8 மில்லிகிராம்தான். தாது உப்புக் கலவையிலேயே பெரும்பாலும் அது வந்துவிடும், லேபிளைப் படியுங்கள். வளர்ச்சிக்காக 125 மில்லிகிராம் வரை போகிறவர்கள் உண்டு. மயில்துத்தத்தில் கால் பங்குதான் செம்பு என்பதால் 100 கிலோவுக்கு 50 கிராம் ஆகிறது. அதற்கு மேல் அள்ளிப் போட்டால், கந்தகமுள்ள அமினோ அமிலங்களைச் செம்பு பிடித்துக்கொள்ளும். மெத்தியோனின் குறைந்த தீவனத்தில் அந்த அடி இரட்டிப்பு. செத்த கோழியின் அரைவைப்பையைப் பிளந்து பாருங்கள்: மஞ்சள் உள்தோல் தடித்து, வெடித்து, கருத்திருந்தால் செம்பு மிஞ்சியிருக்கலாம். வேறு காரணங்களும் உண்டு, அதனால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கலப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துத்தக் கட்டியை மாவாகப் பொடித்து, ஒரு கிலோ சோள மாவில் கலந்து, அதைப் பத்து கிலோவில் கலந்து, அப்புறம்தான் மொத்தத்தில். கையில் எடுத்தால் நீலப் புள்ளி தெரியக் கூடாது. வைட்டமின் பொடியோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், வைட்டமின் கெட்டுவிடும். தகரத் தண்ணீர்த் தட்டிலும் கரைக்காதீர்கள், அரித்துவிடும்.

செம்பில் பெரும்பங்கு எச்சத்தில்தான் வெளியேறுகிறது. பக்கத்தில் செம்மறி ஆடு வைத்திருக்கிறவர்களிடம் அந்த உமியை ஆடு வாய் வைக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்; செம்மறிக்குச் செம்பு விஷம்.