கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தை வீட்டில் 5.1-ல் கேட்பது எப்படி?

பிரிட்டிஷ் ராக் குழு கிங் கிரிம்சனின், 1969 அக்டோபரில் வந்த 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' ஆல்பத்தைப் பல வருஷம் ஸ்டீரியோவில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 5.1 என்றால் சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர். லண்டன் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் எட்டு டிராக், அதாவது எட்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் மெஷினில் பதிவு செய்தது அது. எட்டு போதாமல், நிரம்பிய டிராக்குகளை ஒன்றாகச் சேர்த்து இன்னொரு டேப்பில் காப்பி எடுத்து, அதன் மேல் மறுபடி வாசித்தார்கள், ஒவ்வொரு காப்பிக்கும் ஒலி கொஞ்சம் மங்கிவிடும். 2009-ல் வந்த 40-வது ஆண்டுப் பதிப்புக்காக இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனும் குழுவின் கிட்டாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப்பும் காப்பி எடுப்பதற்கு முந்தைய மூல டேப்புகளிலிருந்து 5.1 மிக்ஸ் செய்தார்கள். அதனால்தான் இது வெறும் "பின்னாலும் சத்தம் வருது" சமாச்சாரம் இல்லை.

முதலில் டிஸ்க். சிடி மட்டும் உள்ள பதிப்பில் 5.1 கிடையாது, கூடவே டிவிடி இருக்கும் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். அந்த டிவிடியில் டிடிஎஸ் என்ற சுருக்கிய வடிவத்தில் 5.1 இருக்கிறது, சாதாரண டிவிடி பிளேயரே அதைப் படிக்கும். தரம் குறையாத எம்எல்பி என்ற வடிவத்தில் 5.1 வேண்டுமென்றால் டிவிடி-ஆடியோ படிக்கும் பிளேயரும் எச்டிஎம்ஐ கேபிளோ 5.1 அனலாக் கேபிள்களோ வேண்டும், ஆப்டிகல் கேபிளில் அது போகாது. தொடக்கத்துக்கு டிடிஎஸ் தாராளம்.

அடுத்தது ஸ்பீக்கர்கள், இதில் அவசரப்படாதீர்கள். நீங்கள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே சென்டர், அதிலிருந்து இரண்டு பக்கமும் 30 டிகிரியில் முன் ஸ்பீக்கர்கள், 110 டிகிரியில் பின் ஸ்பீக்கர்கள், அதாவது உங்கள் தோளுக்குச் சற்றுப் பின்னால். சினிமாவுக்காகப் பின் சுவரில் மேலே மாட்டியிருந்தால் பாட்டுக்காகக் காது உயரத்துக்கு இறக்குங்கள், ஸ்டூல் மேல் வைத்தாலும் போதும். பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் டேப் வைத்து அளந்து ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) போடுங்கள், டெஸ்ட் டோன் ஓடவிட்டு ஐந்தும் ஒரே அளவு கேட்கும்படி சரிசெய்யுங்கள். சின்ன ஸ்பீக்கர் என்றால் கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், அதாவது அதற்குக் கீழே உள்ள அடிச்சத்தம் சப்வூஃபருக்குப் போகும்.

இப்போது பிளேயர் செட்டிங். என் பிளேயர் வரும்போதே ஸ்டீரியோ டவுன்மிக்ஸில், அதாவது 5.1-ஐ இரண்டு சேனலாகச் சுருக்கி அனுப்பும் செட்டிங்கில் இருந்தது. ரிசீவர் அந்த ஸ்டீரியோவையே பின்னாலும் பரப்பிக்கொண்டிருந்ததால் இதுதான் 5.1 என்று நம்பி இரண்டு வாரம் கேட்டேன். ஆடியோ அவுட்புட்டை 'பிட்ஸ்ட்ரீம்' (டிஸ்கில் உள்ளதை அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) என்று மாற்றுங்கள், டிஸ்க் மெனுவில் 5.1-ஐத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் ரிசீவரின் டிஸ்ப்ளேயில் 'டிடிஎஸ்' என்று வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நீங்கள் கேட்பது அந்த மிக்ஸ் இல்லை.

சரி, விளக்கை அணைத்துவிட்டு மூன்றாவது பாட்டு 'எபிடாஃப்'. கிரெக் லேக்கின் குரல் முன்னால் நிற்க, இயன் மெக்டொனால்டின் மெலோட்ரான் என்ற கீபோர்டு அறையைச் சூழ வேண்டும். மெலோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு டேப் உண்டு, சுமார் எட்டு விநாடிதான் ஓடும், பிறகு விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த எடுத்து வைக்கும் இடங்கள்கூட இப்போது உங்களுக்குக் கேட்கும். எல்லாமே முன்பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால் பின் ஸ்பீக்கர் லெவலை மறுபடி பாருங்கள்.

இது பிடித்துவிட்டால் அடுத்து ஹாக்விண்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1975 ஆல்பம் 'வாரியர் ஆன் தி எட்ஜ் ஆஃப் டைம்', 2013 பதிப்பு. அதன் 5.1 மிக்ஸும் வில்சன் செய்ததுதான். அந்தக் குழுவின் லெம்மி வாசிக்கும் பேஸ் கிட்டார் வரும்போது சப்வூஃபரை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.