மூன்றாவது தடவையில் பிடிபட்டது

ஆறு மாதமாக ஜெபத்தில் வாய் மட்டும்தான் அசைந்தது. உபவாசம் இருந்தேன், தலைவலிதான் மிச்சம். சபை மாறினேன், அங்கே ஸ்பீக்கரோடு ஏறிய சந்தோஷம் தாராவி திரும்புவதற்குள் இறங்கிவிட்டது.

ஒருநாள் மும்பை லோக்கல் ரயிலில் நின்றபடி போனில் பைபிளின் 42-ஆம் சங்கீதம் வாசித்தேன். ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ 5-ஆம் வசனத்தில் ஒரு தடவை, 11-இல் மறுபடி. வழக்கமாக அங்கேயே மூடிவிடுவேன். அன்று நெரிசலில் விரல் பட்டு 43-க்குப் போய்விட்டது. அங்கேயும் 5-ஆம் வசனத்தில் அதே கேள்வி! பாடியவருக்கே முதல் தடவையில் தீரவில்லை. பதிலும் ‘துதிக்கிறேன்’ அல்ல, ‘இன்னும் துதிப்பேன்’.

அதன்பின் சந்தோஷம் வந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை விட்டேன். தினமும் சயான் ஸ்டேஷன் வரும்வரை அந்தக் கேள்வியை மூன்று தடவை முணுமுணுப்பேன். (பக்கத்தில் நின்றவர் இயர்போனைத் தேடினார்.) நாலாம் வாரம் உள்ளே மனசு இளகியது. சம்பளம் தாமதமான மாதத்திலும் அந்த இளக்கம் போகவில்லை.