சொந்த ஊர்க் கைதட்டலை நம்பி மேடையேறாதீர்கள்: ராப் போரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருவர் மேடையில் மாறி மாறி ஒருவரையொருவர் வரிகளால் தாக்கும் போட்டிதான் ராப் போர். அதில் கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன் மைக்கைப் பிடித்து "கொழும்பு 13!" என்று கத்தினால் போதும், முன்வரிசை அதிரும். அதை வெற்றிக்கணக்கில் சேர்ப்பதுதான் முதல் தவறு. அந்தச் சத்தம் அஞ்சல் இலக்கத்துக்குக் கிடைத்தது. அவன் எழுதிய வரிக்கு அல்ல. நாளை காணொளியில் பார்க்கும் மட்டக்களப்பு ரசிகனுக்கு அது வெறும் இரைச்சல்.

இது புதிய பாடமல்ல. 1981 டிசம்பரில், நியூயோர்க்கின் ஹார்லெம் வேர்ல்ட் கிளப்பில், கூட்டத்தைக் கூவவைப்பதில் பெயர்பெற்ற ராப்பர் பிஸி பீ தன் வழக்கப்படி கூவவைத்தார். பின்னால் வந்த கூல் மோ டீ அந்தக் கூவலையே கிண்டலுக்கு எடுத்துக்கொண்டு, வரிக்கு வரி அவரைப் பிரித்துப் போட்டார். ஒலிநாடாவாகக் கைமாறிப் பரவி இன்றும் பேசப்படுவது கூல் மோ டீயின் பாட்டுத்தான்.

இன்றைய ராப் போர்களில் பெரும்பாலும் தாளம் கிடையாது. முன்கூட்டியே எழுதி மனனம் செய்த வரிகள். வழக்கமாக மூன்று ரவுண்ட். தாளம் இல்லாததால் கூட்டத்தின் ஆரவாரமே தாளமாகிவிடுகிறது. பஞ்ச்லைன், அதாவது எதிராளியைக் குத்தும் வரி, விழுந்ததும் நிற்காமல் ஓடுகிறவனின் அடுத்த வரி அந்த ஆரவாரத்தில் மூழ்கிப்போகும். கைதட்டல் வரும் என்று நின்று, வராமல் போனால் அது அதைவிடக் கேவலம். அனுபவசாலிகள் பஞ்ச்லைனுக்கு அடுத்து, யாருக்கும் கேட்காவிட்டாலும் நட்டமில்லாத அரை வரியை எழுதிவைப்பார்கள். இரைச்சலில் வரியின் தொடக்கம்தான் முதலில் அடிபடும் என்பதால், எதுகையைவிட இறுதியில் விழும் இயைபை நம்புவது நல்லது.

ஒத்திகை கேட்ட நண்பர்களை முன்வரிசையில் நிறுத்தவே கூடாது. பஞ்ச்லைன் எங்கே வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அது வருவதற்குள் அவர்கள் கத்திவிடுவார்கள். எதிராளிக்கு அதைவிட உதவி வேண்டியதில்லை.

வெளியூரிலிருந்து வருகிறவர் செய்யும் பெரிய தவறு கூட்டத்தைத் திட்டுவது. திருமலைராயன் அவையில் உட்கார இடம்கூடத் தரப்படாத காளமேகத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். 'கவி' என்றால் குரங்கும்தானே, வால் எங்கே என்று அவர் அடித்தது எதிரே இருந்த கவிராயர்களை. (முடிவில் அந்த ஊரே மண்மாரியில் அழியட்டும் என்று பாடியதாகவும் கதை உண்டு, அதை மட்டும் கொழும்பில் முயல வேண்டாம்.)

கொழும்பில் 'சொந்த ஊர்' என்பதே சிக்கலானது. வெள்ளவத்தை மேடையில் நின்று எதிராளியின் ஹட்டன் பேச்சைக் கிண்டல் செய்தால், அரங்கில் இருக்கும் ஹட்டன்காரர், பதுளைக்காரர் எல்லோரும் அந்த நொடியே எதிராளியின் ஊரார் ஆகிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சை நக்கலடித்தாலும் கதை இதுதான். ஆளை அடியுங்கள், ஊரை விடுங்கள். இனத்தையும் மதத்தையும் இழுப்பவருக்குக் கைதட்டல் கிடைக்கலாம். அந்தக் கைதட்டல் எனக்கு அருவருப்பு.

மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தால் சொற்கள் குழம்பும், ஒலிபெருக்கி கீச்சிடும். தேவையில்லாமல் அங்குமிங்கும் நடப்பதும் வேண்டாம்.

எதிராளியின் ரவுண்டிலும் நீங்கள் மேடையில்தான் இருக்கிறீர்கள். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டி மறுப்பவரைப் பார்த்தால் வலித்துவிட்டது என்று எல்லோருக்கும் புரியும். நல்ல வரிக்குச் சிரித்துவிடுவது எவ்வளவோ மேல்.

வரி மறந்துபோனால்? சொந்த ஊர்க் கூட்டம் இரக்கப்பட்டுக் கைதட்டும், அது பதற்றத்தைக் கூட்டும். மன்னிப்புக் கேட்காதீர்கள், தொடக்கத்துக்கும் திரும்பாதீர்கள். மறந்த பகுதியை அப்படியே விட்டு, அடுத்த தாக்குதலின் முதல் வரிக்குத் தாவுங்கள். விடுபட்டது எது என்று உங்களுக்கும் ஒத்திகை கேட்ட நண்பர்களுக்கும் மட்டுமே தெரியும்.