வீண்விரயம்: ‘ஹலால்தானே’ என்பதில் தொடங்கும் தவறுகள்

ஒரு செலவு ஹலால்தானே (மார்க்கம் அனுமதித்ததுதானே), அதில் என்ன தவறு என்று பலர் நினைக்கிறார்கள். வீண்விரயத்துக்குக் குர்ஆன் இரண்டு சொற்களைக் கையாள்கிறது: இஸ்ராஃப், தப்தீர். தமிழில் இரண்டையும் ‘வீண்விரயம்’ என்றே எழுதிவிடுவதால் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. பொருள் விஷயத்தில் அறிஞர்கள் பெரும்பாலும் இப்படிப் பிரிப்பார்கள்: ஆகுமான ஒன்றில் அளவு மீறுவது இஸ்ராஃப்; செலவிடவே கூடாத வழியில் செலவிடுவது தப்தீர். “ஷைத்தான்களின் சகோதரர்கள்” என்று குர்ஆனின் 17:27 வசனம் கண்டிப்பது தப்தீர் செய்பவர்களை. தப்தீரில் தொகை ஒரு பொருட்டல்ல. தன் சொத்து முழுவதையும் நேரிய வழியில் செலவிட்டவர் தப்தீர் செய்தவர் ஆகமாட்டார், தவறான வழியில் ஒரு முத்து (இரு கைகளால் அள்ளும் அளவு) கொடுத்தாலும் அது தப்தீர்தான் என்றார் ஆரம்பகாலக் குர்ஆன் விளக்கவுரையாளர் முஜாஹித். ஆகவே ‘ஹலால்தானே’ என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. இஸ்ராஃப் நிகழ்வதே ஹலாலான காரியங்களில்தான்.

வணக்கத்திலும் அது நுழைந்துவிடும். தொழுகைக்கு முன் முகம், கை, கால்களைக் கழுவும் உளூவைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் உளூ செய்தார்கள். ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்தார்கள் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி எனும் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ளது. முத்து என்பது நடுத்தர ஆள் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு; பெரும்பாலான அறிஞர்களின் கணக்கில் ஏறத்தாழ 600 முதல் 750 மில்லி லிட்டர். ஹனஃபி சட்டப் பள்ளியின் கணக்கில் சற்றுக் கூடும். நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ. இனி உங்கள் குழாயை நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் 12 லிட்டர் போய்விடும். கைகளைத் தேய்க்கும்போதும் தலைக்கு மஸஹ் செய்யும்போதும் (ஈரக்கையால் தடவும்போதும்) மூடாமல் விடுவதால்தான் இதில் பெரும்பங்கு வீணாகிறது.

ஒரு லிட்டர் குவளையில் செய்து பழகினால் அளவு பிடிபடும். வாய்க்கும் மூக்குக்கும் ஒரே கை நீரைப் பயன்படுத்தலாம், அதுவும் சுன்னத்தே (நபிவழியே). தலைக்கு ஈரக்கை போதும், ஊற்ற வேண்டியதில்லை. தண்ணீரை அதிகம் குடிப்பது கால்கள்தாம். குதிகால் காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சிறிது ஊற்றி, கையால் தேய்த்து, விரல் இடுக்குகளைக் கோதிவிட்டால் குறைந்த நீரிலேயே கால் முழுதும் நனையும். மூன்று முறைக்கு மேல் கழுவுவது தவறு என்று ஹதீஸில் தெளிவாகவே வந்திருக்கிறது. உளூ முடிந்த பிறகு ‘கழுவினோமா?’ என்று எழும் வெறும் சந்தேகத்துக்காக மறுபடி தொடங்கக் கூடாது. வஸ்வாஸ் எனும் ஓயாத சந்தேகம் அப்படித்தான் வளரும்.

‘ஓடும் ஆற்றில் உளூ செய்தாலும் வீணாக்காதே’ என்ற செய்தியை இங்கே பலரும் மேற்கோள் காட்டுவார்கள். இப்னு மாஜா எனும் ஹதீஸ் தொகுப்பில் உள்ள அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலர் பலவீனமானது என்கிறார்கள். ஆதாரமாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பே போதும்.

உணவில் ‘வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு’ என்ற ஹதீஸைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மிக்தாம் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ், முதுகை நிமிர்த்தும் சில கவளங்களே போதும் என்று அதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. மீறித்தான் ஆக வேண்டுமென்றால் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு. ஆக, மூன்றில் ஒன்று என்பது மேல் எல்லை, எட்ட வேண்டிய இலக்கு அல்ல.

நோன்பு நாட்களில் இஃப்தாருக்கான (நோன்பு திறப்புக்கான) உணவின் அளவை அஸர் எனும் மாலைத் தொழுகைக்குப் பின் முடிவு செய்யாதீர்கள். பசியோடு அளந்தால் கண் கேட்டதை வயிறு ஏற்காது. ஸஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவு முடிந்ததும் அளவைக் குறித்து வையுங்கள். தட்டில் முதலில் பாதி அளவே போடுங்கள். மீண்டும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கை வைத்த சோற்றைத் திருப்ப முடியாது. கீழே விழுந்த கவளத்தில் ஒட்டியதைத் துடைத்துவிட்டுச் சாப்பிடவும், தட்டை வழித்து உண்ணவும் நபியவர்கள் சொன்னதற்குக் காரணமும் சொன்னார்கள்: பரக்கத் (இறையருள்) உணவின் எந்தப் பகுதியில் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. மிஞ்சியதைக் கொடுப்பதானால் நல்ல நிலையில் இருக்கும்போதே கொடுங்கள். நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற பொருளைத் தர்மம் செய்வதை 2:267 தடுக்கிறது.

மறுபக்கத்துத் தவறு கஞ்சத்தனம். சிக்கனம் என்ற பெயரில் மனைவி மக்களின் உணவிலும் உடையிலும் கை வைப்பவர்கள் உண்டு. 17:29 கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்வதையும் முழுதாக விரித்துவிடுவதையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. நல்ல உடையே இஸ்ராஃப் என்று நினைப்பதும் சரியல்ல. ‘உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள்’ என்ற அதே 7:31 வசனம் தொழுமிடத்தில் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் ஆரம்பிக்கிறது.

தர்மத்துக்கு வரம்பே இல்லை என்பதும் பொதுவாகச் சரியில்லை. ஒரே மகளை மட்டும் வாரிசாகக் கொண்டிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது மூன்றில் இரு பங்கை மரண சாசனமாகக் கொடுக்கக் கேட்டார், மறுக்கப்பட்டது. பாதி கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. “மூன்றில் ஒன்று, அதுவே அதிகம்” என்றார்கள் நபியவர்கள். அந்த மூன்றில் ஒரு பங்கையும் அடக்கச் செலவும் கடன்களும் போக மிஞ்சும் சொத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும்.