அச்சிட்ட சவ்வில் ஊசித்துளை இருக்கிறதா? கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் சவ்வு: செய்முறை விளக்கம்

புகைபோக்கி வாயுவில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜனிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் சவ்வை, திரவ ரெசினை 405 நானோமீட்டர் ஒளியால் அடுக்கடுக்காக இறுகவைக்கும் சாதாரண எல்சிடி ரெசின் முப்பரிமாண அச்சுப்பொறியிலேயே செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் பொறி இதற்கு வேண்டாம். இழைகளுக்கு இடையில் விடுபடும் நுண்ணிய இடைவெளிகளின் வழியே எல்லா வாயுவும் கசிந்துவிடும்.

கடையில் விற்கும் ரெசினையும் நான் தவிர்க்கிறேன். மூலக்கூறு எடை 700 கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட்டை எடுத்து, ஒளி பட்டதும் அதை இறுகத் தூண்டும் இர்காக்யூர் 819 தூளை எடையில் 0.5 சதவீதம் சேர்த்து, வெளிச்சம் படாமல் முழுவதும் கரையும்வரை கலக்க வேண்டும். இச்சேர்மத்தின் சங்கிலியிலுள்ள ஈதர் ஆக்சிஜன்கள் கார்பன் டை ஆக்சைடை ஈர்த்துக் கரைத்துக்கொள்கின்றன. நைட்ரஜனுக்கு அந்த ஈர்ப்பு இல்லை. கையுறை கட்டாயம், ஏனெனில் அக்ரிலேட்டுகள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

50 மைக்ரான் அடுக்குகள் இரண்டாக, 47 மி.மீ. வட்டத் தகடாக அச்சிடுங்கள். பிறகு ஆல்கஹாலில் கழுவி, இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வடிதாள் வைத்து, ஓரிரு நாள் மெதுவாக உலர்த்துங்கள். வேகமாக உலர்த்தினால் ஓரம் சுருண்டு வெடிக்கும்.

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது சோதனைதான். முதல் தகடு விளக்கொளியில் தூக்கிப் பார்த்தபோது பளிங்குபோலத் தெளிவாக இருந்தது. ஆனால் இரு வாயுக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கடந்தன. கரைசலைக் கலக்கும்போது புகுந்த காற்றுக்குமிழிகள் ஊசித்துளைகளாக உறைந்திருந்தன. நல்ல சவ்வில் கார்பன் டை ஆக்சைடு நைட்ரஜனைவிடச் சுமார் 50 மடங்கு வேகமாகக் கடக்க வேண்டும். மிக நுண்ணிய துளை இருந்தால் மூலக்கூறு எடையைப் பொறுத்து இவ்விகிதம் 0.8 ஆகவும், துளை பெரிதானால் பாகுநிலையைப் பொறுத்து 1.2 ஆகவும் சரியும். ஆகவே 1-ஐ ஒட்டிய எண் வந்தாலே கசிவு என்று முடிவு செய்யலாம். இப்போது நான் கரைசலை வெற்றிடக் கலத்தில் குமிழி அடங்கும்வரை வைத்த பிறகே தொட்டியில் ஊற்றுகிறேன்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, சவ்வைக் கடந்து வரும் வாயு தள்ள, ஒரு மி.லி. பிப்பெட்டில் சோப்புப் படலம் நகரும் வேகமே போதும். தகட்டின் இருபுறங்களுக்கும் இடையே 2 பார் அழுத்த வேறுபாடு இருந்தால் கார்பன் டை ஆக்சைடு நிமிடத்துக்குச் சுமார் 0.1 மி.லி. வரும், அதே அளவு நைட்ரஜன் வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் காத்திருப்பைச் சுருக்கக் கூடாது.

பிற்சேர்க்கை: அச்சுத்தளத்திலிருந்து தகட்டைச் சுரண்டி எடுக்கும்போது கீறல் விழுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தளத்தோடு ஆல்கஹாலில் மூழ்கவையுங்கள். தகடு உப்பி, ஓரம் தானே எழும்பும். கீறலோ சிறு துளையோ விழுந்துவிட்டால் மேலே மெல்லிய சிலிகோன் பூச்சு கொடுக்கலாம். 1980-ஐ ஒட்டி மான்சாண்டோ நிறுவனம் வாயுக்களைப் பிரிக்கும் தன் பிரிசம் சவ்வுகளின் குறைகளை அடைத்ததும் இவ்வழியில்தான்.