டவுன் பஸ்ஸை வைத்துத் திசைவேகம் – நேரம் வரைபடம் வரைவது எப்படி?

இந்த வரைபடத்தை முதன்முதலில் வரைபவர்கள் பலரும் சாலையை வரைந்துவிடுகிறார்கள். பஸ் மேடு ஏறினால் கோடும் ஏறுகிறது, வளைந்தால் வளைகிறது! சாலையை மறந்துவிடுங்கள். டிரைவர் முன்னால் இருக்கும் ஸ்பீடோமீட்டர் முள் ஒவ்வொரு விநாடியும் என்ன காட்டுகிறது என்பதை மட்டும் வரைந்தால் போதும்.

ஒரு ஸ்டாப்பில் கிளம்பி அடுத்த ஸ்டாப்பில் நிற்கும் டவுன் பஸ். திசைவேகம் என்றால் திசையோடு சேர்ந்த வேகம்; திசை மாறாமல் இருக்க, சாலை நேர்ச் சாலை என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: கிடையாக நேரம் (விநாடி), செங்குத்தாகத் திசைவேகம் (மீ/வி). முள் காட்டும் கிமீ/மணியை 3.6-ஆல் வகுத்தால் மீ/வி கிடைக்கும். 36 என்றால் 10. இதை இப்போதே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தூரம் கணக்கிடும்போது இடிக்கும்.

படி 2: பயணத்தைத் துண்டு போடுங்கள். 10 விநாடியில் வேகம் 10 மீ/வி. அடுத்த 20 விநாடி அதே வேகம். பிறகு பிரேக், 5 விநாடியில் பஸ் நிற்கிறது. ஆள் ஏறி இறங்க 15 விநாடி.

படி 3: (0,0), (10,10), (30,10), (35,0), (50,0) புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணையுங்கள். நடுவில் படுக்கையாக இருக்கும் கோட்டைப் பார்த்துப் பஸ் நின்றுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நின்ற பஸ்ஸின் கோடு நேர அச்சோடு ஒட்டிக் கிடக்கும். கடைசி 15 விநாடியைப் பாருங்கள்.

படி 4: கோட்டின் சாய்வுதான் முடுக்கம், அதாவது ஒவ்வொரு விநாடியும் திசைவேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. கிளம்பும்போது 10/10 = 1 மீ/வி². பிரேக்கில் −10/5 = −2 மீ/வி².

நிஜத்தில் மூலைகள் இவ்வளவு கூர்மையாக இருக்காது. பிரேக்கை விடாமல் அழுத்தியே நிறுத்தினால் 35-வது விநாடியில் முடுக்கம் −2-லிருந்து சட்டென்று பூஜ்யமாகிறது. நின்றுகொண்டு வருபவர்கள் பின்பக்கம் தள்ளாடுவது அப்போதுதான். கைதேர்ந்த டிரைவர் கடைசி நொடியில் பெடலைக் கொஞ்சம் தளர்த்துவார். அவருடைய கோடு அச்சில் வழுக்கிக்கொண்டு வந்து சேரும்.

படி 5: கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் கடந்த தூரம். முக்கோணம் 50, செவ்வகம் 200, முக்கோணம் 25. ஆக 275 மீட்டர்.

அடுத்து, திசை மாறும் இயக்கம். பந்தை 9.8 மீ/வி வேகத்தில் நேர்மேலே எறியுங்கள். மேல்திசை நேர்க்குறி, காற்றுத் தடை இல்லை. 1 விநாடியில் திசைவேகம் பூஜ்யம்; 2-வது விநாடியில் கைக்குத் திரும்பும்போது −9.8. எனவே அச்சை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும் ஒரே நேர்கோடு. இறங்கும்போது கோட்டை மறுபடி மேலே மடக்கினால் அது வெறும் வேக வரைபடம், திசை தொலைந்துவிட்டது. உச்சியில் பந்து ஒரு கணம் நின்றாலும் சாய்வு அங்கேயும் −9.8-தான்.

பயிற்சிக்கு: தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்குப் போய், நின்று, திரும்பி இறங்கும் லிஃப்டை வரையுங்கள். அச்சுக்கு மேலும் கீழும் உள்ள பரப்புகள் சமமாக வரவில்லை என்றால், உங்கள் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து சேரவில்லை.