சென்னை ஏரிகளில் வாத்து பிடிக்கலாமா?

மேடவாக்கத்தில் வக்கீலாக இருக்கிறேன். பனிக்காலம் வந்தாலே இந்தக் கேள்வி என்னைத் தேடி வரும். “ஏரி அரசாங்கத்தோடதுதானே சார், நாலு வாத்து பிடிச்சா என்ன?” அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகனும் போன தடவை வந்தபோது பெரும்பாக்கம் ஏரிக்கரையில் நின்று இதையே கேட்டான். அங்கே வேட்டை லைசென்ஸும் வாத்துப் படம் போட்ட அரசு முத்திரையும் வாங்கிக்கொண்டு, பொதுத் தண்ணீர் எது, தனியார் கரை எது என்று பார்த்துச் சீசனில் சுடுகிறார்கள். அவனுக்கு ‘எங்கே’ என்பதுதான் கேள்வி.

இங்கே எங்கேயும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு எந்தப் பறவை என்றுதான் பார்க்கும். தண்ணீர் யாருடையது என்று கேட்காது. புள்ளிமூக்கு வாத்து, ஊசிவால் வாத்து, கிளுவை, நாமக்கோழி எல்லாம் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலுக்குள் வருகின்றன. பள்ளிக்கரணையோ, செம்பரம்பாக்கமோ, உங்கள் பட்டா நிலத்துக் குட்டையோ, பதில் ஒன்றுதான். ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்தவருக்கும் மீன் மேல்தான் உரிமை.

சுட்டால்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே சட்டப்படி வேட்டை. முயற்சி செய்தாலே போதும். பையன் மொட்டை மாடியிலிருந்து ஏர்கன்னால் மடையான் கொக்கைக் குறி வைப்பதும் இதில் சேரும். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சரணாலயத்துக்குள் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு வரை போகலாம். வேடந்தாங்கல் விவசாயிகள் 1798-லேயே அன்றைய கலெக்டரிடம் போய், ஏரியில் பறவைகளைச் சுடுவதை நிறுத்த உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அக்கறை நமக்கும் வேண்டும்.

சரி, கண்ணெதிரே நடந்தால்? நாணலுக்குள் இரண்டு குச்சிக்கு நடுவே தண்ணீருக்கு மேலே மெல்லிய நைலான் தங்கூசி வலை கட்டியிருந்தால் அது மீனுக்கு அல்ல. வலையை அறுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. தள்ளி நின்று வலை, பறவை, பின்னால் தெரியும் கரை மூன்றும் வருகிற மாதிரி படம் எடுங்கள். நேரம், லொகேஷன் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஆட்கள் அங்கேயே இருந்தால் 100. கட்டியவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

சாலையோரம் கொக்கோ காட்டு வாத்தோ விற்றால், ஆதாரத்துக்காகக்கூட வாங்காதீர்கள். கறி உங்கள் பையில் இருந்தால் அது முறையாக வந்ததென்று நிரூபிக்கும் பொறுப்பு 57-வது பிரிவின்படி உங்கள் தலையில் விழும். பண்ணையில் வளர்த்த வாத்துக்கும் ஜப்பான் காடைக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பில் கேட்டு வாங்குங்கள்.

புகார் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையா? 55-வது பிரிவு சாதாரண ஆளுக்கும் வழி வைத்திருக்கிறது. வழக்குப் போடப்போவதாக அறுபது நாள் நோட்டீஸ் முறைப்படி அனுப்பிவிட்டு நீங்களே நீதிமன்றத்துக்குப் போகலாம். முதல் புகாரின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் அதற்காகவே பத்திரமாக வைத்திருங்கள்.